குடித்தனக்காரரின் பிரமோஷன்

டெல்லி லோதி ரோடு பஸ் ஸ்டாப் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள் நின்றிருந்தார்கள். டிபன் கேரியர் வைத்திருந்தவர் கண்ணாடிக்காரரிடம் சொன்னார்:

"மயூர் விஹார்ல என் வீட்ல குடியிருக்காரே, அவருக்குப் பிரமோஷன் வரணும்னு பிள்ளையாருக்கு நூத்தெட்டுத் தேங்காய் வேண்டிண்டேன், ஓய்."

"அவருக்கு வந்தா உமக்கென்ன?"

"பிரமோஷன் வந்தா கௌஹாத்திக்கு மாத்துவான், வீடு காலியாகும். மார்ச்ல எனக்கு ரிடையர்மென்ட், குவார்ட்டர்ஸை விடணும். காலி பண்ணுங்கோன்னு ஒரு வருஷமா கேக்கறேன். என் வீட்டு ஹால்லயே என்னை உட்கார வச்சு, காபி கொடுத்து அனுப்பிடறார். கோர்ட்டுக்குப் போனா என் பேரன் காலத்துலதான் தீர்ப்பு வரும்."

"பஞ்சாபிக்கு விட்டா வீடே போயிடும், நம்மவாளுக்குத்தான் விடுவேன்னு குதிச்சீரே!"

"டிரான்ஸ்ஃபர் உத்தியோகம், மூணு வருஷத்துல தானா கிளம்பிடுவார்னு நினைச்சேன்."

"சரி, பிரமோஷன் வந்ததா?"

"போன மாசம் வந்தது. கௌஹாத்தியேதான். தேங்காயை உடைச்சுட்டு, ஸ்டேஷனுக்குப் போய் மாலை போட்டு வழியனுப்பினேன்."

"அச்சா! அப்புறம் என்ன?"

"அவர் மட்டும்தான் ரயில் ஏறினார். பொண்ணு இங்க தமிழ் ஸ்கூல்ல படிக்கறா, நடுவுல மாத்தினா படிப்பு கெட்டுடுமாம். மாமியும் பொண்ணும் இங்கேயேதான் இருக்கா."

"அந்தத் தமிழ் ஸ்கூல்ல சீட் கிடைக்கறதே குதிரைக்கொம்பாச்சே. யார் வாங்கிக் கொடுத்தா?"

டிபன் கேரியர் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது.

"நான்தான். குடிவந்த புதுசுல, நம்ம ஊர்க்காராளாச்சேன்னு பிரின்சிபால் வீட்டுக்கு நாலு நடை நடந்தேன்."

"பொண்ணு இப்ப என்ன படிக்கறா?"

"ஒண்ணாம் கிளாஸ்."