மெழுகுவத்தி நின்று எரிந்த தொட்டி

மெர்லோ ஒயினைக் குடித்துப் பழகுவது பெரிய வித்தையல்ல, ஐயா. கொஞ்ச நேரம் காற்றாட வைத்து, வறுத்த வாத்துக்கறியோடு குடித்தால் போதும், பிடித்துவிடும். ஆனால் என் தங்கை மைத்தேயின் கணவர் திபோ அதற்கு ஒரு வகுப்பே நடத்தினார். போர்தோவில் எங்கள் ஒயின் கொட்டகைக்கே ஆட்களை அழைத்து வந்து, கிண்ணத்தைச் சுழற்றி, கண்ணை மூடிக்கொண்டு, "பிளம்பழம்... ஈர மண்... ஒரு விதவையின் கையுறை" என்பார். வந்தவர்களும் ஆயுசுக்கும் விதவைகளின் கையுறையையே மோந்து வளர்ந்தவர்கள்போலத் தலையாட்டுவார்கள்.

அதில் எனக்கு வருத்தமில்லை. திராட்சைக் கொடிகள்தான் விஷயம். இளவயதிலிருந்து நான் கவாத்து செய்து வளர்த்த மெர்லோ. நிலமோ தங்கை பெயரில்.

"மெர்லோவுக்கு மவுசு போச்சு மச்சான். குளிர்காலத்துல பிடுங்கிட்டு கபர்னே ரகத்தை வெச்சுரலாம்" என்றார் திபோ.

"மைத்தே என்ன சொல்றா?"

"அவ என்னைக்கு என் பேச்சைத் தட்டியிருக்கா?"

ஒயினை வடித்த பிறகு தொட்டியின் அடியில் திராட்சைச் சக்கை தங்கும். ஆள் இறங்கித்தான் வார வேண்டும். புளித்த சக்கையிலிருந்து கிளம்பும் வாயு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் முதலில் கம்பியில் மெழுகுவத்தியைக் கட்டி உள்ளே விடுவோம். அணைந்தால் ஒருவரும் இறங்கமாட்டோம்.

அன்று வகுப்புக்காரர்கள் முன்னால் திபோ என் தோளில் தட்டினார்.

"மெர்லோ நம்ம மச்சான் மாதிரிங்க. சாது. யாரையும் கடிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இப்போ வாசனை பொறக்கிற இடத்துக்கே எறங்கிக் காட்டப்போறேன். வத்தி விட்டுப் பாத்துரலாமா மச்சான்?"

"தாராளமா, மாப்ள."

காலையில் கழுவிக் காயவைத்த காலித் தொட்டிக்குள் வத்தியை இறக்கினேன். சுடர் ஆடாமல் நின்றது. கைதட்டினார்கள். ஏணியைப் பக்கத்துத் தொட்டியில், சக்கை இருந்ததில், இறக்கினேன். திபோ கபர்னேயின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். பேசும்போது பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது; பேசிக்கொண்டே ஏணியில் இறங்கினார்.

"நல்லா குனிஞ்சு மோந்து பாருங்க, மாப்ள" என்றேன்.

குனிந்தார். உள்ளிருந்து சத்தம் வராததை ரசனை என்று நினைத்து வகுப்புக்காரர்கள் மரியாதையோடு அமைதி காத்தார்கள். நானும் காத்தேன்.

விபத்து என்றுதான் ஊர் சொன்னது. கழுவின தொட்டிக்கு எதற்கு வத்தி என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

ஆத்திரத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள், ஐயா. கொடிகளைக் காப்பாற்றத்தான் செய்தேன். கணவரின் கடைசி ஆசை என்று மைத்தே அவற்றை வேரோடு பிடுங்கிவிட்டாளாம். நேற்று உங்கள் காவலர் சொன்னார். கேட்டுக்கொண்டேன். பிறகு நன்றாகத் தூங்கினேன்.