மூன்று பங்காளிகளும் ஒரு கிரகப்பிரவேசமும்

குளியலறையில் ஊற்றிய தண்ணீர் மூலையில் இருக்கும் துளையைத் தேடிப் போக வேண்டும் என்று நினைப்பது பேராசை இல்லை. எங்கள் வீட்டில் அது கதவைத் தேடிப் போயிற்று. கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்கிறீர்கள். வீட்டைப் பற்றிச் சொல்லாமல் சாவுகளைப் பற்றி மட்டும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் யதுநந்தன். வயது ஐம்பத்தொன்பது. மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரப் பரிசோதனை செய்தேன். மயிரிழை பிசகிய உதிரிப் பாகத்தைக் கண்டுபிடித்து ஓரமாக எடுத்து வைப்பதுதான் என் வேலை. ஓய்வு பெற்றதும் குவெம்பு நகரில் ஒரு பழைய வீட்டை வாங்கி, புதுப்பித்துக் குடிபோகலாம் என்று முடிவு செய்தோம். அதற்கு முன் இருபத்தாறு வருடம் சரஸ்வதிபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். அங்கே ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் என் மனைவி வசுதா வீட்டுக்காரரிடம் போய் நின்று கேட்க வேண்டும். சொந்தச் சுவரில் சொந்தமாக ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. நியாயமான ஆசைதான், நான் மறுக்கவில்லை.

நான்கு மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னவர் மேஸ்திரி அய்யாசாமி. கொள்ளேகாலுக்கு அப்பால் கௌதள்ளி என்ற ஊர்க்காரர், நல்ல வேலைக்காரர். ஆனால் அவருக்கு ஒரே சமயத்தில் ஐந்து வீடுகளில் வேலை நடந்தது. எப்போது போன் செய்தாலும் "பக்கத்துலதானுங்க இருக்கறேன்" என்பார். யாருக்குப் பக்கத்தில் என்று சொல்ல மாட்டார். வைகாசியில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்து, பத்திரிகையும் கொடுத்து முடித்த பிறகு, தண்ணீர் வாட்டம் சரியில்லை என்று நான் சொன்னதால் குளியலறைத் தரையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு அவர் ஊர் மாரியம்மன் பண்டிகைக்குப் போய்விட்டார். முகூர்த்தத்துக்கு எட்டு நாள் இருந்தது. தள்ளிப்போடலாமா என்று வசுதாவிடம் கேட்டேன். மைசூர்ப் பழக்கத்தில் அவள் என்னை 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள்.

"ரீ, பத்திரிகை கொடுத்தாச்சு. வேலை முடியலைன்னு தள்ளிப்போட்டா ஊரே சிரிக்கும். யாராவது செத்தாதான் தள்ளிப்போடுவா" என்றாள்.

அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். நான் உட்கார்ந்து யோசித்தேன்.

எங்கள் வழக்கத்தில் பங்காளி ஒருவர் இறந்தால் பத்து நாள் தீட்டு. அந்தப் பத்து நாளும் விசேஷம் எதுவும் கிடையாது, புது வீட்டில் பால் காய்ச்சுவது இல்லவே இல்லை. ஏழு தலைமுறைக்குள் யாராக இருந்தாலும் சரி, முகமே பார்த்திராதவராக இருந்தாலும் சரி, பத்து நாள் பத்து நாள்தான். வைகாசியின் கடைசி முகூர்த்தம் அதில் அடிபட்டுப் போனால், ஆனியும் ஆடியும் ஆகாத மாதங்கள். நேரே ஆவணிதான். ஒரு சாவு சரியான தேதியில் விழுந்தால் முழுசாக இரண்டு மாதம் கிடைக்கும்.

அன்று சாயங்காலமே செலுவநாராயணனைக் கொன்றேன்.

அவர் மண்டியாவில் இருப்பவர். என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி வழி. ஒரு கல்யாணப் பந்தியில் யார் இலையில் முதலில் நெய் விழுந்தது என்ற தகராறில் அந்த வழியோடு எங்களுக்கு நாற்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. போன் நம்பர்கூட இல்லை. கொல்வதற்கு அவரைவிட வசதியான ஆள் எங்கள் குடும்பத்தில் கிடைக்க மாட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று வசுதாவிடம் சொன்னேன். யாருக்கும் நான் வலி கொடுத்ததில்லை, அதைத் தயவுசெய்து கவனியுங்கள். தீட்டையும் ஒழுங்காகக் காத்தேன். பத்தாம் நாள் காவிரிக் கரைக்குப் போய், பங்காளி முறைக்கு அவருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

அய்யாசாமி திரும்பி வந்து, ஆவணிக்குள் எல்லா வேலையையும் முடித்துவிட்டார். அவர்மேல் பொய்ப்பழி போட மாட்டேன். ஆனால் காலை பத்து மணி வெயில் உள்ளே வரும்போது, ஹாலில் ஜன்னலோரம் பதினொரு டைல்கள் மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தன. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், மண்டிபோட்டுப் பார்த்தார், கன்னத்தைத் தரையில் வைத்தும் பார்த்தார்.

"சாமி, எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. இப்படிப் பாத்தா எங்க கையில இருக்கற ரேகையக்கூடப் பேத்துட்டுத் திரும்பப் போடச் சொல்லுவீங்க" என்றார்.

டைல்களைப் பெயர்த்தோம். பெயர்க்கும்போது சுற்றியிருந்தவையும் விரிசல் விட்டதால் முழுத் தரையையும் பெயர்த்தோம். அதே பேச்சில்லாத வழியில், ஹாஸனில் இருந்த பங்காளி ஹ்ருஷிகேஷ் மஞ்சள் காமாலையில் இறந்தார். அவருக்கு நாற்பத்திரண்டு வயதுதான். "சின்ன வயசு, அவன் பொண்டாட்டி பாவம் என்ன பண்ணுவாளோ" என்று வசுதா அழுதாள். அந்தத் தீட்டினால் பெங்களூரில் அவள் அக்கா பெண்ணின் சீமந்தத்துக்குப் போக முடியவில்லை. அதற்கென்று வாங்கிய பச்சைப் புடவை உறை பிரிக்காமல் அலமாரியிலேயே இருந்தது. ஒவ்வொரு தடவை அலமாரியைத் திறந்தபோதும் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஹாலைப் பாருங்கள், எல்லா டைலும் இப்போது ஒரே நிறம்.

கார்த்திகையில் சமையல் மேடைக் கல். சுவரும் கல்லும் சேரும் இடத்தில் ஒரு தபால் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நுழைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதே வழியில், கொள்ளேகாலில் இருக்கும் சம்பத்குமாரன் சித்தப்பாவுக்கு எண்பத்தாறு வயது. அந்த வயதில் ஒருவரைக் கொல்வதில் பாவம் குறைவு என்று எனக்குத் தோன்றியது. மூன்றாவது முறையும் முகூர்த்தம் தள்ளிப் போனதும் எங்கள் வாத்தியார் பயந்துவிட்டார். "ஸ்வாமி, உங்க வம்சத்துமேல யாரோ கண்ணு போட்டிருக்கா" என்று சொல்லி, சுதர்சன ஹோமம் செய்ய வைத்தார். நானும் புகையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, எங்கள் குடும்பத்தில் இந்தச் சாவுகள் நிற்க வேண்டும் என்று மனமார வேண்டிக்கொண்டேன்.

போன வாரம் வசுதா வெற்றிலை வாங்க தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனாள். பக்கத்தில் ஒருவர் நம் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே, கடைக்காரனிடம் கன்னடத்தில் எலுமிச்சம்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நெற்றியில் நாமம். எந்த ஊர் என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் மண்டியா என்று ஊரையும், செலுவநாராயணன் என்று பேரையும், கூடவே அப்பா பேரையும் சொல்லியிருக்கிறார். இவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று அவர் கேட்டாராம்.

"எனக்கு ஒண்ணும் இல்லைண்ணா. உங்க ஒடம்பு எப்படி இருக்கு?" என்று இவள் கேட்டாளாம்.

வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தாள். அவரிடமிருந்து மற்ற இரண்டு பேரின் நம்பரையும் வாங்கி, மூவரையும் கிரகப்பிரவேசத்துக்கு அவளே அழைத்திருக்கிறாள். இன்று மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. நான் போய் கேட்டைத் திறந்தேன். செத்த வரிசையிலேயே மூவரும் இறங்கினீர்கள்.

ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன். செலுவநாராயணண்ணா, நீங்கள் இதுவரை கோபப்படாமல் கேட்டது உங்கள் பெருந்தன்மை. எள்ளும் தண்ணீரும் விட்டதைச் சொன்னபோது மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள். ஹ்ருஷிகேஷ், "எனக்கு ஏன் மஞ்சக் காமாலை?" என்று கேட்டாய். மாரடைப்பு என்றால் வசுதா இன்னும் பயந்திருப்பாள். உன்மேல் எனக்கு வேறு எந்த விரோதமும் இல்லை.

வசுதா உங்கள் முன்னால்தான் சொன்னாள். "நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு நான் பால் காய்ச்சப் போறேன். இதுவும் தவறினா, நான் பெங்களூர்ல எங்க அக்கா ஆத்துக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்." அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. பால் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை. அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாள் போகாது, இதை நான் வெட்கமில்லாமல் சொல்வேன்.

அதனால் உங்கள் மூவருக்கும் சத்தியம் செய்து தருகிறேன். பங்காளி செத்தான் என்று இனி என் வாயால் ஒரு பொய் வராது. மூன்று பேரைக் கொன்றது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் சரியான பக்கம் ஓடியிருந்தால் நீங்கள் எல்லோரும் இன்று உயிரோடு இருந்திருப்பீர்கள். அதாவது, தொடர்ந்து இருந்திருப்பீர்கள்.

ஒரே ஒரு விஷயம். மாவிலைத் தோரணம் கட்டும்போது வாசல் நிலையில், செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த நிலைக்குள் அவளை எப்படி வலது காலை எடுத்து வைக்கச் சொல்வது? பெயர்த்து நிறுத்த சரியாகப் பத்து நாள் போதும். தீட்டு என்றால் அவளும் கோபப்பட முடியாது. பொய் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாயிற்று, அதில் மாற்றம் இல்லை. அதனால்தான் கேட்கிறேன், சித்தப்பா. வந்ததிலிருந்து இருமிக்கொண்டே இருக்கிறீர்கள். டாக்டர் நாள் ஏதாவது சொன்னாரா?