அரைக்கட்டை

— நிறுத்துங்க, நிறுத்துங்க! பியானோவா இது, பூனைச் சண்டையா?

— சுருதியை அரைக்கட்டை இறக்கி வாசிக்கச் சொன்னது நீதானே. உன் வழக்கமான சுருதியில கேளு. இந்தா… எப்படி இழையுது பாரு.

— இழையட்டுங்க. மேல் ஸ எனக்கு எட்டலையே! வெளியில ஆளுங்க வந்து உக்கார ஆரம்பிச்சாச்சு. தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் மேடை. இறக்கித்தான் பாடணும்.

— இந்தப் பியானோவில அது முடியாதும்மா.

— ஊர்ல இருக்கிற பியானோவில எல்லாம் முடியுது. கட்டின புருஷன் சுருதி சேர்த்ததுல மட்டும் முடியாதா?

— பொறு, சொல்றதைக் கேளு. ஸவிலிருந்து சுத்தமான பஞ்சமம், அதிலிருந்து இன்னொரு பஞ்சமம்னு பன்னிரண்டு தடவை ஏறினா, கிளம்பின ஸவுக்கே வந்து சேரணும். வர்றதில்ல. ஒரு மயிரிழை தாண்டிடுது.

— கச்சேரிக்கு அரைமணி இருக்கு, இவரு கணக்குப் பாடம் எடுக்கறாரு!

— அந்த மயிரிழையைப் பன்னிரண்டுக்கும் சமமாப் பங்கு போடறதுதான் எல்லாரும் செய்யறது. ஒவ்வொண்ணும் துளி பிசகும், சாதாரணக் காதுக்குப் படாது. எந்த சுருதிக்கு வேணா தாவலாம். நான் பங்கு போடல. உன் சுருதியில எல்லாத்தையும் சுத்தமா வச்சேன். மிச்சப் பிசகை நீ போகாத மூலைக்குத் தள்ளிட்டேன்.

— அந்த மூலைக்குத்தான் இப்ப நான் போயாகணும்! உங்களை யாருங்க கேட்டா?

— சமப் பங்குல காந்தாரம் பல்லுல கல் மாட்டின மாதிரி இருக்குன்னு, கல்யாணம் ஆனதிலிருந்து பாடறது யாரு? சுத்தமா இருந்தா உன் தொண்டைக்கு இதமா இருக்கும், எப்படியாவது எட்டிடும்னு நெனச்சேன்.

— சரி, மாத்திச் சேருங்க.

— ரெண்டு மணி நேரமாவது வேணும்.

— ஐயோ! எனக்கு ஒண்ணு புரியலைங்க. நேத்து வீட்டுல இதே பாட்டு, இதே சுருதி. மேல் ஸ சிரிச்சுக்கிட்டே வந்து உக்காந்துச்சு. ஒரே நாள்ல தொண்டை எங்க போச்சு? நீங்க இதை ஏத்தி வச்சிருக்கீங்க.

— ஏத்தல. உன்கூட வாசிக்க வந்திருக்கிற குழல்காரரையே கேளு. அவர் குழலுக்கு அச்சாச் சேருது, ஏத்தியிருந்தா சேராதே.

— அவரை எதுக்குக் கேக்கணும்? நம்ம பொண்ணுக்குப் போன் போடறேன். வீட்டுப் பியானோவில அவ ஸ அடிக்கட்டும். ரெண்டையும் சேர்த்துக் கேட்டா தெரிஞ்சுடப் போகுது.

— வேண்டாம்மா.

— ஏன்? ஊரே பாம்புச்செவின்னு கூப்பிடற ஆளு, எதுக்கு பயப்படறீங்க?

— போனை வை. கெஞ்சிக் கேக்கறேன்.

— என்னங்க இது, போனை ஏன் பிடுங்கறீங்க? எதையோ மறைக்கறீங்க. சொல்லுங்க… சொல்லித் தொலைங்க!

— ஆபரேஷன் முடிஞ்சு நீ பேசின முதல் பேச்சுலயே குரல் இறங்கிட்டது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ பாட உக்காரறதுக்குள்ள வீட்டுப் பியானோவை அரைக்கட்டை இறக்கி வச்சுட்டேன்.