விளக்குக் கம்பத்தைத் தாண்டினால்தான் பாரை

மீன்களைவிட மீன்பிடிப்பவர்களின் பற்களை நன்கறிந்த பல் மருத்துவர், இக்கூட்டத்தின் தலைவர் அவர்களே! கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புக் கற்சுவரில் எனக்கு அடுத்த கல்லில் அமரும் தையல்காரத் தம்பி அவர்களே! இந்தத் தூண்டில் சங்கத்தின் செயலாளரும் என் மகளின் கணவருமாகிய மாப்பிள்ளை அவர்களே! உப்புக்காற்றில் ஊறிய பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமைகளைக் கடலுக்கு இரவல் கொடுத்துவிட்டு, திரும்பி வருவது மீனோடு வரும் ஆளா, வெறும் ஆளா என்று வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்களே! நான் விழுந்துவிட்டதாக, விழுந்துவிட்டதாகச் சென்ற மாதத்திலிருந்து ஊருக்குச் சொல்லி வரும் அன்பு நெஞ்சங்களே! அனைவருக்கும் வணக்கம்.

நான் விழவில்லை. உட்கார்ந்தேன்.

விழுவது நம்மைக் கேட்காமல் நடப்பது. உட்காருவது நாமே முடிவு செய்து நடப்பது. நான் படித்த கான்வென்டில், தவறான செய்தி சொன்னவளையே எழுப்பி நிறுத்தித் திருத்தச் சொல்வார்கள். இங்கே எல்லோரையும் எழுப்பி நிறுத்த நேரம் போதாது. ஆகையால் நானே திருத்திவிடுகிறேன்.

பின்வரிசையில் யாரோ "சத்தமாப் பேசுங்கம்மா" என்கிறார்கள். ஐயா, என் குரல் போதும். உங்கள் பக்கத்தில் இருப்பவரின் செல்போனைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லுங்கள்.

கடல் மீன்களில் நாம் விரும்பிப் பிடிப்பவை எவை, ஏன் விரும்புகிறோம் என்று பேச அழைத்தீர்கள். அந்தத் தலைப்பைவிட்டு நான் விலக மாட்டேன். நான் விழாத கதையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கிழங்கானை எடுத்துக்கொள்ளுங்கள். கரையோர மணலில் மேயும் மெலிந்த மீன். அது இரையைத் தொடுவது, பக்கத்து வீட்டுக் குழந்தை நம் கதவைத் தட்டுவது போல இருக்கும். தட்டியதா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வரும். காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு அது பிரியமான மீன். கொடுவா அப்படியா? தூண்டில் முள் தைத்த மறுகணம் தண்ணீரைப் பிளந்து எழும்பும், தலையை உதறும், செவுள் படபடக்கும். அப்போது கம்பைத் தாழ்த்தி, தூண்டில் நரம்பைத் தளர்த்த வேண்டும். இறுக்கினால் முள் கழன்றுவிடும். கோபக்காரரோடு குடும்பம் நடத்தியவர்களுக்கு இந்த வித்தை தானாக வரும். தாய்மார்கள் பக்கம் சிரிப்பு கேட்கிறது. ஆண்கள் பக்கம் கேட்கவில்லை. கவனித்துக்கொண்டேன்.

சீலாவுக்கு வாயெல்லாம் பல். தலைவர் அவர்களுக்கு அது ஏன் பிடிக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆனால், எனக்குப் பிடித்த மீன் எது? பாரை!

பாரை கொடுவாவைப் போல அழகாகத் துள்ளாது. வேடிக்கை காட்டாது. இரையைக் கவ்வியதும் தலையைக் கீழே கவிழ்த்து, பாறைகளை நோக்கி இழுக்கும். பனைமரம் போன்ற ஆளையும் இழுக்கும். பனையோலை போன்ற என்னையும் இழுக்கும். இழுத்துக் களைத்ததென்று நாம் நினைக்கும்போது மறுபடியும் இழுக்கும். விட்டுக்கொடுத்தல் என்ற சொல்லை அதற்கு யாரும் கற்பிக்கவில்லை. நம் கரையில் அது எங்கே வருகிறது? அலைத்தடுப்பின் நுனியில், நீரோட்டம் திரும்பும் இடத்தில். அங்கே மட்டும்தான் வருகிறது.

சென்ற மாதம் ஒரு காலையில் அங்கே என் தூண்டிலைக் கவ்வியது ஒரு பாரை. கம்பு வளைந்தது, ரீல் அலறியது, நரம்பு வில்லின் நாண்போல் விறைத்தது. ஈரக் கல்லின்மீது நின்றுகொண்டு பாரையோடு மல்லுக்கட்டுபவருக்கு அறிவில்லை. உட்கார வேண்டும். இரண்டு கால்களையும் முன்னால் உள்ள கல்லில் ஊன்ற வேண்டும். "உக்காருங்கக்கா, உக்காந்து இழுங்க!" என்றார் தையல்காரத் தம்பி. அவர் சொல்வதற்கு முன்பே நான் உட்கார்ந்துவிட்டேன். அதையும் குறிப்பிட விரும்புகிறேன்.

அலைத்தடுப்பின் பாதித் தூரத்தில், விளக்குக் கம்பத்தடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார் நம் செயலாளர். அவருக்குத் தெரிந்ததெல்லாம், நின்றிருந்த அத்தை திடீரென்று காணாமல் போனதுதான்.

"ஐயோ, அத்தை விழுந்துட்டாங்க!"

ஓடி வந்தார். தோல்செருப்போடு ஓடி வந்தார். அன்று அலைத்தடுப்பில் வழுக்கியவர் ஒருவர் உண்டு. அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவர் முழங்காலே சொல்லும்.

வந்தவர் என் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினார்.

"விடுங்க மாப்பிள்ளை, மீன் இருக்கு!"

"மீன் கிடக்கட்டும், மொதல்ல எந்திரிங்க அத்தை!"

"நான் நல்லாத்தான் உக்காந்திருக்கேன்!"

"அதிர்ச்சியில அப்படித்தான் பேசுவாங்க. தம்பி, அந்தக் கத்தரிய இப்படிக் குடுங்க!"

தையல்காரர் கொடுக்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து மாப்பிள்ளையே எடுத்துக்கொண்டார். நரம்பில் ஒரே வெட்டு! கம்பு நிமிர்ந்தது. ரீல் ஓய்ந்தது. பாரை போயிற்று.

தையல்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், அது எவ்வளவு பெரிய மீனு தெரியுமா?"

"மீன் நாளைக்கும் கிடைக்கும்யா. அத்தை கிடைப்பாங்களா?" என்றார் மாப்பிள்ளை. மூச்சிரைத்தது அவருக்கு. முழங்காலில் ரத்தம்.

அந்தச் சொல்லுக்கு என் கண் கலங்கியது. மீனுக்காகவும் கலங்கியது. இரண்டையும் மறைக்க மாட்டேன்.

ஆனால் அடுத்து நடந்தது என்ன? செயற்குழு கூடியது. விதி பிறந்தது. எழுபது வயதைக் கடந்தவர்கள் விளக்குக் கம்பத்தைத் தாண்டக் கூடாதாம்! கம்பத்தடியில் எனக்கென்று மெத்தை வைத்த நாற்காலி போட்டார்கள். இன்று கௌரவ உறுப்பினர் என்ற கேடயமும் கொடுத்துவிட்டார்கள். கேடயம் கனமாக இருக்கிறது, நன்றி. ஆனால் கேடயத்தை வைத்து மீன் பிடிக்க முடியுமா?

கல் வழுக்கும் என்கிறீர்கள். ஆம், வழுக்கும். எழுபதுக்கும் வழுக்கும், இருபதுக்கும் வழுக்கும். அப்படியென்றால் விதி எதைக் கேட்க வேண்டும்? பிறந்த ஆண்டையா, காலில் போட்ட செருப்பையா? நான் சொல்லும் விதி இது: யாராயிருந்தாலும் நுனிக்குத் தனியாகப் போகாதே, கல்லைப் பற்றும் ரப்பர் காலணி இல்லாமல் போகாதே, அலை கல்லின்மேல் ஏறும் நாளில் போகவே போகாதே. இந்த விதியின் கீழ் நான் நுனிவரை போகலாம். நம் செயலாளர் அன்று கம்பத்தடியிலேயே நின்றிருக்க வேண்டியவர்.

இன்னொரு பேச்சையும் திருத்திவிடுகிறேன். மறைந்த கணவரின் நினைவாக நான் தூண்டில் போடுகிறேன் என்று சிலர் உருகுகிறார்கள். அவருக்கு மீன் வாடையே ஆகாது! நான் கடலுக்குப் போவது அவருக்குப் பயம். நீச்சலும் தெரியாதவர். ஆனாலும் நான் கம்பை எடுக்கும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தொப்பி எடுத்துக்கிட்டியா?" போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. பயத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, தொப்பியை என்னிடம் கொடுத்தார். அன்பு என்றால் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

தோழர்களே, தாய்மார்களே! பேருந்தில் ஏறினால் எழுந்து இடம் தருகிறார்கள். வங்கிக்குப் போனால் வரிசையைவிட்டு முன்னால் அனுப்புகிறார்கள். வீட்டில் வாளியைத் தொட்டால் வாங்கிக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் நல்ல மனம்! கயிறு இழுக்கும் போட்டியில் குழந்தைக்கு விட்டுக்கொடுப்பதுபோல், எல்லோரும் தங்கள் பக்கத்துக் கயிற்றை மெல்லத் தளர்த்திக் கொடுக்கிறார்கள். இந்த உலகத்தில் எனக்குச் சலுகை காட்டாதது ஒன்றே ஒன்று மிச்சமிருக்கிறது. அது என் வயதைக் கேட்காது. என் நரைக்கு இரங்காது. நான் முழு ஆள் என்று நம்பி, தன் முழு பலத்தோடு இழுக்கும். அதனால்தான் எனக்குப் பாரை பிடிக்கும்! அதை என்னிடமிருந்து வெட்டிவிடாதீர்கள். ஒருமுறை வெட்டியது போதும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், ஒலிபெருக்கியைச் சரியான உயரத்தில் வைத்த அன்பருக்கும், முழங்கால் ஆறிவரும் என் மாப்பிள்ளைக்கும் நன்றி. அனைவருக்கும் மீண்டும் என் வணக்கம்.

செயலாளர் அவர்களே, வீட்டில் இதைக் கேட்டால் "பாப்போம் அத்தை" என்கிறீர்கள். அது பதில் ஆகாது. எழுபது வயது விதியை நீக்குகிறீர்களா, இல்லையா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள், கையெழுத்திட்டு, எழுத்தில் பதில் தாருங்கள்.