லேப் கறை

நேசையா,

நீ கேட்ட படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உன் அக்காள் விமலகுமாரி கொஞ்சம் முறைத்தபடி இருப்பாள். ஸ்டுடியோக்காரன் சிரிக்கச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லைப் போராட்டத்தில் உயிர்விட்டவர்களின் பட்டியலில் போடப்போவதாக எழுதியிருந்தாய். போடு. அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட்டால் நல்லது.

ரசாயனத்தில் நான் எவ்வளவு பெரிய மேதை என்பது உனக்குத் தெரியும். ஐம்பத்திநாலில் பாறசாலையிலிருந்து தினமும் பஸ்ஸேறித் திருவனந்தபுரத்து லேபுக்குப் போய்வந்தேன். கடற்கரை மணலில் தோரியமும், சீரியம் முதலான அருமண் உலோகங்களும் ஒன்றாகக் கிடக்கும். எளிதில் பிரியாது. தோரியத்தை மட்டும் கையைப் பிடித்து அழைத்துவந்து, மற்றதை அமிலத்திலேயே விட்டுவிடும் ஒரு சேர்மத்தைச் செய்வது என் வேலை. பதினொன்று செய்தேன். பதினொன்றும் சீரியத்தைப் பார்த்ததும் பல்லிளித்து அதையும் கூட்டிக்கொண்டு வந்தன. லேபில் எனக்கு 'சீரியம் சத்தியராஜ்' என்று பெயர். ஒரு கல்யாண வீட்டில் நீயும் அப்படிக் கூப்பிட்டுச் சிரித்தாய். அது எனக்கு வலித்தது.

நம் ஊர் போலீஸ் இன்ஸ்பெக்டர் பஸ்ஸில்தான் பழக்கமானார். "சாரே, இங்க எல்லாவனும் ரெண்டு பாஷையும் பேசுகான், ஒரே மாதிரி முண்டு உடுக்கான். இதில சமரக்காரனை எங்ஙன பிரிக்கது?" என்று ஒருநாள் கேட்டார். போராட்டக்காரனைப் பிரித்தெடுப்பது எப்படி: என் தொழிலில் என்னை மதித்துக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. இறங்கும் வரை வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

அந்த வாரமே நீ போராட்ட நோட்டீஸ் கட்டுடன் வந்தாய். "அத்தான், இந்தக் கெட்டு இங்க இருக்கட்டும். சர்க்கார் உத்தியோகஸ்தனுக்க வீட்டுல எவன் வந்து பாப்பான்?"

நான் பார்த்தேன். லேபிலிருந்து வெள்ளி நைட்ரேட் கொண்டுவந்து, நிறையத் தண்ணீர் கலந்து, ஒவ்வொரு நோட்டீஸின் ஓரத்திலும் தடவி, வீட்டோடு ஒட்டிய ஜன்னலில்லாத சாய்ப்பறையில் உலர்த்தினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வியர்த்த கை பட்டு, வெளிச்சமும் பட்டால் விரல் கறுக்கும். எந்த சோப்புக்கும் போகாது. ஞாயிற்றுக்கிழமை கறுத்த விரல்களைப் பார்த்தால் போதும் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவைத்தேன். உன்னையும் உன் நான்கு கூட்டாளிகளையும் பிடித்து இரண்டு நாள் உட்காரவைப்பார்கள், புத்தி வரும், உனக்கும் நல்லதுதான் என்று நினைத்தேன். அதற்குப் 'பன்னிரண்டாவது சேர்மம்' என்று மனதுக்குள் பெயர்கூட வைத்தேன்.

சனிக்கிழமை நோட்டீஸை விநியோகித்தது நீயல்ல என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. உலை வைக்கும்போது வேதக்கோயிலுக்கென்று ஒதுக்கும் பிடியரிசியைச் சேகரிக்கப் பெண்கள் சங்கத்தார் வீடுவீடாகப் போனார்கள். அந்த ஓலைக் கடவப்பெட்டியில், அரிசிக்கு அடியில் உன் நோட்டீஸ்கள் போயின. கடவத்தை ஏந்தியவள் விமலா. நீ அன்று தக்கலைக் கூட்டத்தில் இருந்தாய். உன் விரல் வெளுப்பாகவே இருந்தது.

ஞாயிறு காலை அவள் கையை நீட்டினாள். "கேட்டியளா, விரலெல்லாம் கறுத்துப் போச்சு. புளி போட்டுத் தேய்ச்சும் போவல்ல. உங்க லேபு மருந்து ஆக்கும்."

"இருக்கும்" என்றேன். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அன்றைக்கு எத்தனை விரல்கள் கறுத்திருக்கின்றன என்று பார்க்கும் ஆசையும் கூடவே வந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் போலீஸ். இன்ஸ்பெக்டர் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். வெளியூர் ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர் ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்பது பேர் தேறினார்கள். ஆறு பேர் பெண்கள். விமலாவின் முறை வந்ததும் யாரோ, "அது லேபு சாருக்க வீட்டுக்காரி" என்றார்கள். ஹெட் கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். "லேப் கறையா சாரே?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவளை விட்டால் மற்ற எட்டுப் பேரும் ஏதாவது காரணம் சொல்வார்கள், பிரிக்கும் முறையே கெட்டுவிடும் என்று தோன்றியது. சோதனை நடக்கும்போது குடுவைக்குள் கைவிடக் கூடாது அல்லவா.

"இல்லை. லேப் கறை வீட்டுக்கு வராது" என்றேன். விமலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொல்லி உடலைத் தந்தார்கள். குளிப்பாட்டிய சுகிர்தபாய், அவள் விரல்களில் ஒன்றுகூட நேராக இல்லை என்றாள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீயே சொல், பிடிபட்ட ஒன்பது பேரும் நோட்டீஸைத் தொட்டவர்கள்தான். கலப்படம் இல்லை. என் பன்னிரண்டு சேர்மங்களில் அது ஒன்றுதான் சீரியத்தைக் கூட்டிக்கொண்டு வராதது.

ஒன்று விட்டுப்போயிற்று. விமலாவை ஜீப்பில் ஏற்றிய பிறகு ஹெட் கான்ஸ்டபிள் என் கையையும் திருப்பிப் பார்த்தார். அத்தனை நோட்டீஸையும் தடவிய கை, பத்து விரலும் கறுத்திருந்தது. என்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"லேப் கறை" என்றேன்.

உன் அத்தான்,
சத்தியராஜ்