முனீஸ்வரி டீச்சர் நடத்திய விசாரணை

மேடையை நிறைத்திருக்கும் நிர்வாகக் குழுப் பெருமக்களே, தலைமையாசிரியர் அவர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியர்களே, குரங்கணியிலிருந்தும் சிலமலையிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். "ஆங்கில இலக்கியத்தைப் புதுமையாகக் கற்பித்த முதுகலை ஆசிரியை முனீஸ்வரி" என்று ஐந்து பேரும் புகழ்ந்தார்கள். கேட்கக் கேட்க எனக்குக் குமட்டியது. மன்னியுங்கள், வேறு சொல் கிடைக்கவில்லை.

புதுமையாகக் கற்பித்தாராம்! எப்படி? ஒருவராவது சொன்னீர்களா? நான் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு கதை. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய கப்பல் மூழ்குகிறது, விசாரணை நடக்கிறது. நம் பிள்ளைகள் கடலைப் பார்த்ததில்லை. நான் அந்தப் பாடத்துக்கு வினா விடை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறவன். முனீஸ்வரி என்ன செய்தார்? மேசைகளை ஓரமாகத் தள்ளினார்.

"கப்பலை விடுங்கப்பா. ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்பு கவுந்துபோச்சு. யாரை விசாரிப்பீக? இங்கிலீசுலதான் பேசணும். தப்பாப் பேசுனாலும் பரவாயில்லை."

ஒருவன் நீதிபதி ஆனான். ஒருவன் டிரைவர், ஒருவன் தோட்டத்து முதலாளி. சாட்சிக் கூண்டில் பவித்ரா நின்றாள். அவளுடைய அம்மா செல்லக்கிளி தினமும் அப்படியொரு ஜீப்பில் காய் எடுக்கப் போகிறவர். இரண்டு வருடம் ஆங்கில வகுப்பில் வாயே திறக்காத பெண், முதலாளியாக நின்ற பையனைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "ஏலக்காய் மூட்டையை எடை போட்டு ஏற்றுகிறாய். எங்களை ஏற்றும்போது மட்டும் ஏன் எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை?"

வகுப்பே எழுந்து நின்றது. அதன் பிறகு புத்தகத்தைத் திறக்கச் சொன்னார் முனீஸ்வரி. அந்தக் கப்பல் கதையை அன்றைக்குப் பிள்ளைகள் வரிக்கு வரி தாங்களாகவே படித்துப் புரிந்துகொண்டார்கள். இலக்கியம் கற்பிப்பது இதுதானே? வேறென்ன?

மறுநாளே நிர்வாகக் குழுவில் ஒருவருக்குக் கோபம் வந்தது. அவருக்கு மலையில் தோட்டம் இருக்கிறது. ஆசிரியர் அறைக்கே வந்து கத்தினார்: "இங்கிலீசு சொல்லிக்குடுக்கிறதுதானே உங்க சோலி? கேசு நடத்தச் சொன்னது யாரு?"

மாணவர்களைத் தூண்டிவிட்டதாக மெமோ கொடுத்தார்கள். வகுப்பைப் பிடுங்கினார்கள். பதினெட்டு வருடம் இலக்கியம் கற்பித்தவரை விலையில்லா நோட்டுகள் அடுக்கிய அறையில் உட்காரவைத்தார்கள். ஒன்றரை வருடம்! அந்த அறையில்தான், மதிய இடைவேளைகளில் பவித்ராவை உட்காரவைத்து, அந்த விசாரணையை முழு ஆங்கில நாடகமாக எழுதவைத்தார். பவித்ரா இன்று ஆங்கில இலக்கியம் படிக்கும் கல்லூரி மாணவி. கடைசி வரிசையில் நிற்கிறாள். பேச்சாளர் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

முனீஸ்வரியை நோய் கொண்டுபோனது. அதற்கு யார் மீதும் பழி இல்லை. அந்த ஒன்றரை வருடத்துக்கு உண்டு. வகுப்பைப் பிடுங்கிய கைகளே இன்று படத்துக்குப் பூத் தூவுவதைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது. என் கையும் அதில் ஒன்று. மாணவர்களை அவர் தூண்டிவிட்டதை நேரில் பார்த்ததாக மெமோவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் இந்த விஜயபாண்டிதான்.

கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் முனீஸ்வரி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "நீங்க ஜன்னல்கிட்ட நின்னு ரசிச்சுப் பாத்தீகளே சார், அதை எழுதியிருக்கலாம்ல?"

பெரியோர்களே! அந்தச் சாட்சி பொய். திரும்பப் பெறுகிறேன், கடிதத்தைத் தாளாளர் முன்னால் வைக்கிறேன். திங்கட்கிழமை என் வகுப்பிலும் மேசைகள் ஓரமாகப் போகும். பவித்ராவின் நாடகத்தைப் பிள்ளைகள் நடிப்பார்கள். எனக்கும் ஒரு மெமோ எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

முனீஸ்வரி, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றரை வருடம் இருந்தது. தினமும் அந்த அறையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன். ஒரு நாளும் உள்ளே வரவில்லை.