வேலிக்கு வெளிய போன கடை

எம்பேரு அர்ச்சுனன். வயசு இருவத்திரெண்டு. பகாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுல கேட்டு காவல்காரன். இப்ப உங்க போலீசு ஸ்டேசன் பெஞ்சில உக்காந்திருக்கேன். தேத்தண்ணி குடுத்தீங்க, சக்கர அளவாத்தான் இருந்திச்சு. நல்லசாமி அண்ணன் கடையிலயும் இந்தப் பதந்தான்.

ஊர்லேருந்து கப்பல்ல வந்து எறங்குன புதுசுல காச்சல்ல கெடந்தேன். கஞ்சி ஊத்துனது அவரும் அவரு சம்சாரம் பஞ்சாலை அக்காவுந்தான். அவரு மேல எனக்குக் கோவம் ஏதும் கெடையாது. அத மொதல்ல எழுதிக்கிங்க.

காட்டுல ஒளிஞ்சு சர்க்காரோட சண்ட போடுறவங்க கைக்கு அரிசி போகக்கூடாதுன்னு, நாங்க குடியிருக்கிற லயத்தச் சுத்தி முள்ளுக்கம்பி வேலி போட உத்தரவு வந்திச்சு. வேலிக்கு உள்ள ஒரே ஒரு கடைதான். வெளிய இருக்கிறதப் பிரிச்சிடணும். அளக்க வந்தவருக்கு முளைக்குச்சி தூக்குனது நான். மொதல்ல அவரு ரோட்டோரமா, நல்லசாமி அண்ணன் ஒட்டுக்கடைய உள்ள சேத்துத்தான் குச்சி அடிச்சாரு. மத்தியானம் அந்தக் கடையிலயே சாப்பிட உக்காந்தாரு. அந்நேரம் நான் குச்சிங்களப் புடுங்கி, கடை வெளிய போற மாதிரி லயத்துப் பக்கமா அடிச்சிட்டேன். பாக்க முன்ன மாதிரியே நேராத்தான் இருந்திச்சு. சாப்பிட்டு வந்தவரு திரும்பிப் பாக்கல. கம்பி கட்டுனவங்க குச்சியப் பாத்துக் கட்டிட்டாங்க.

எனக்கும் ஒரு கடை வேணும். அம்மாவையும் தங்கச்சியையும் கூப்பிட்டுக்கணும். இனிமே கப்பல்ல புது ஆளுங்கள விடமாட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க. நல்லசாமி அண்ணன் ஒண்ணும் தெருவுல நிக்கல. லயத்துல வீடு குடுத்தாங்க, மரம் சீவுற வேல குடுத்தாங்க. உள்ள கடை போட எனக்கு அனுமதி தரேன்னு எஸ்டேட்டுத் தொர சொன்னாரு. அதுவரைக்கும் கேட்டு வேல.

ஆறு மணி ஆனா, தொங்கவிட்டிருக்கிற தண்டவாளத் துண்ட அடிப்பேன். அடிச்சு முடிச்சதும் கேட்டப் பூட்டணும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் ரோந்துப் பட்டாளம் கெளம்பும். அதுக்கப்புறம் வேலிக்கு வெளிய யாரு நடந்தாலும் சுடுவாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச சட்டம்.

அண்ணன் வேல முடிஞ்சதும் கடையப் பிரிக்கப் போவாரு. ஒருநாளு சிரிச்சுக்கிட்டே கேட்டுல நின்னாரு.

"ஏன்டா தம்பி, கடை நடந்து வெளிய போச்சா, குச்சி நடந்து உள்ள வந்திச்சா? ரோட்டோரம் வரிசையா முளையடிச்ச குழி இருக்குடா. அளந்தவன் ஏமாத்திட்டான்டா. நாளைக்குத் தொரையக் கூட்டிட்டு வந்து காட்டப்போறேன். நீதான குச்சி தூக்குன, நீ வந்து சொல்லு."

வர்றேண்ணேன்னு சொன்னேன். கூரைத் தகரத்த எடுக்கப் போனாரு.

அன்னிக்குச் சாயங்காலமே ரோட்டு வளைவுல, தலையில தகரத்தோட அவரு திரும்பி வர்றது தெரிஞ்சிச்சு. கைக்கடியாரத்துல ஆறு ஆகல. நான் அடிச்சிட்டேன். கேட்டச் சாத்திப் பூட்டுனேன். அடிச்சதும் பூட்டணும்ங்கிறது சட்டம். அதுல ஒரு கொறையும் வைக்கல.

தகரத்தப் போட்டுட்டு ஓடியாந்தாரு. கேட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு, "தம்பி, நாந்தான்டா, கேட்டத் தொற"ன்னாரு. சத்தம் போடல. நான் வேணும்னே பூட்டுனேன்னு நெனைக்கல, அவரப் பாக்காமப் பூட்டிட்டேன்னு நெனச்சிருப்பாரு. நான் முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன். வளைவுல பட்டாளம் வந்திச்சு. ஒரு தடவதான் சுட்டாங்க. அவங்க வேலைய அவங்க செஞ்சாங்க.

பஞ்சாலை அக்கா எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிச்சு. அவரு கூப்பிடவே இல்லியாடான்னு. காதுல விழலக்கான்னேன்.

இப்பல்லாம் கேட்டு இழுத்தா வரமாட்டேங்குது. அந்தப் பக்கம் ஒரு கை புடிச்சிருக்கிற மாதிரி கனக்குது. எண்ணெ போட்டுப் பாத்தேன். நேத்து சாத்தாமலே வுட்டுட்டேன். அதான் இன்னிக்கு வந்திட்டேன்.

எழுதுனதப் படிச்சுக் காட்டிட்டுத்தான் கைநாட்டு வாங்குவோம்னு சொன்னீங்க. பஞ்சாலை அக்கா வெளிய வாசல்ல உக்காந்திருக்கு. பட்டாளத்து மேல பிராது குடுக்கப் போறேன்னு நெனச்சுக்கிட்டு, சாட்சிக்கு அதுவாக் கெளம்பி வந்திச்சு. எனக்குச் சோறும் கட்டியாந்திருக்கு. படிக்கிறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். குச்சிய மாத்துனதச் சத்தமாவே படிங்க. முன்னாடியே அடிச்சதையும் படிங்க. அவரு கூப்பிட்டது எனக்குக் கேட்டிச்சுங்கிறத மட்டும் மெல்லமாப் படிங்க. அக்கா மனசு தாங்காது.